எஞ்சின் மூச்சும் ஏழுமலையின் வேலையும்

மோட்டார் மெக்கானிக் வேலை என்பது பாதி நேரம் வண்டியைப் பார்ப்பது, மீதி நேரம் வண்டிக்காரருக்குப் பதில் சொல்வது. இரண்டாவது பாதிக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன மறு வருஷம் நான் உப்பளம் பகுதியில் ஒரு கொட்டகை போட்டுத் தொழிலை ஆரம்பித்தேன். அப்போது புதுச்சேரியில் ஓடிய கார்களில் பாதி பிரெஞ்சு, மீதி இங்கிலீஷ். வண்டி வைத்திருந்தவர்களுக்கு பிளக் தெரியும், பாட்டரி தெரியும், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றத் தெரியும். பிளக்குகளுக்கு நெருப்புப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டமான டப்பாவை மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த டப்பாவால் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். இதே தொழிலில் இருந்து பட்டவர்களும், மெக்கானிக் பேச்சை நம்பிப் பட்டவர்களும் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கைப்பிடி எங்கே?

உழவர்கரையில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் ஓட்டிப் பழகியது பழைய காலத்து வண்டி. அதன் ஸ்டியரிங்கில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். பிளக்கில் நெருப்புப் பொறி முன்னாலே அடிக்க வேண்டுமா, கொஞ்சம் தாமதித்து அடிக்க வேண்டுமா என்பதை ஓட்டுகிறவரே அதைத் தள்ளித் தீர்மானிக்கலாம். பொறியை முன்னால் தள்ளுவதை ‘அவான்ஸ்’ என்று பிரெஞ்சில்தான் சொல்வார். புதிதாக வாங்கிய வண்டியில் அந்தக் கைப்பிடி இல்லை. விற்றவன் கழற்றிக்கொண்டு கொடுத்துவிட்டான் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நான் பானெட்டைத் திறந்து டப்பாவைக் காட்டினேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரிலிருந்து பென்சிலை விட ஒல்லியான ஒரு செப்புக்குழாய் அந்த டப்பாவுக்கு வரும். டப்பாவுக்குள் ஒரு மெல்லிய தோல். சமதரையில் பெடலை லேசாக மிதித்து ஓட்டும்போது எஞ்சின் அந்தக் குழாய் வழியாகப் பலமாக உறிஞ்சும். அந்த உறிஞ்சலை வேக்குவம் என்போம். அது தோலை இழுக்க, தோல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டைத் திருப்ப, பொறி முன்னாலேயே அடித்துவிடும். லேசாக மிதிக்கும்போது உள்ளே போகும் பெட்ரோல் குறைவு, அது மெதுவாக எரியும். ஈர விறகு என்றால் அடுப்பைச் சீக்கிரமே பற்றவைக்க வேண்டும் இல்லையா, அந்தக் கதைதான். மேட்டில் பெடலை அழுத்தி மிதித்தால் உறிஞ்சல் விழுந்துவிடும், டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த சொல்தா, டப்பாவை விரலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: “இருபது வருஷமா என் கையில இருந்த வேலையப் புடுங்கி இந்த டப்பாகிட்ட குடுத்திருக்கானுங்க. பென்சனையும் இதுகிட்டயே குடுத்துடப் போறானுங்க, பாத்துக்க!”

வாய் வைத்துப் பார்ப்பது

டப்பா வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களிடம் கருவி எதுவும் கிடையாது. குழாயை கார்பரேட்டர் பக்கம் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சுவோம். தட்டு ‘டக்’கென்று திரும்ப வேண்டும். நாக்கால் குழாயின் ஓட்டையை அடைத்துக்கொண்டால் திரும்பிய தட்டு அப்படியே நிற்க வேண்டும். மெல்ல நழுவிப் பழைய இடத்துக்கு வந்தால் தோலில் கிழிசல். தட்டு அசையவே இல்லை என்றால் குழாயில் அடைப்பு. ஒரு நிமிஷ வேலை. ஆனால் அதற்கப்புறம் மத்தியானம் வரை எதைச் சாப்பிட்டாலும் பெட்ரோல் ருசிதான்.

என் கொட்டகைக்கு வாடிக்கையாக வந்த வண்டிகளில் ஒன்று டவுனில் இருந்த ஒரு டாக்டருடையது. கறுப்பு நிறப் பிரெஞ்சுக் கார். டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டியவன் ஏழுமலை. கனகசெட்டிக்குளத்து மீனவக் குடும்பம். மீன் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, டாக்டர் வீட்டில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு அந்த வண்டிமேல் இருந்த பாசத்தைப் பார்த்தால் டாக்டருக்கே பொறாமை வரும். ஒரு நாள் நான் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்த சமயம் டாக்டர் உள்ளே நுழைந்தார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. கொட்டகையில் இருந்த நாலு பேர் எதிரில் கத்தினார்: “ரபேல், எடு வாயிலேர்ந்து! எந்தக் காலத்து அழுக்கோ! நாளைக்கு வயித்து வலின்னு எங்கிட்டதானே வந்து நிப்பே?”

உடுக்கைத் தோல்

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் வண்டியில் டப்பாவின் தோல் கிழிந்துபோயிற்று. முன்பு பிரெஞ்சுக் கப்பலில் சுலபமாக வந்து இறங்கிய சாமான்களுக்கு இப்போது பர்மிட், லைசென்ஸ் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். கனம் அதிகம், எஞ்சினால் இழுக்க முடியவில்லை. பலூனை வைத்தேன். பெட்ரோல் ஆவி பட்டு ரெண்டே நாளில் பாகாக உருகிவிட்டது. அந்த வாரம் மாரியம்மன் கோயில் திருவிழா. உடுக்கைச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு யோசனை வந்தது. உடுக்கையில் கட்டும் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு, அதே சமயம் உறுதி. உடுக்கைக்காரரிடம் ஒரு துண்டு வாங்கி, வார்னிஷ் தடவிக் காயவைத்துப் பொருத்தினேன். பிரமாதமாக வேலை செய்தது.

அப்புறம்தான் உறுத்தல் பிடித்தது. நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். மாரியம்மன் கோயில் உடுக்கையின் தோலைச் சாமியார் வண்டியில் வைத்துவிட்டுச் சொல்லாமல் இருக்கலாமா? போய்ச் சொல்லிவிட்டேன். சாமியார் பானெட்டைத் திறந்து டப்பாவை எட்டிப் பார்த்தார். பிறகு முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: “இருந்துட்டுப் போவட்டும் ரபேல். வண்டி நேரா கோயிலுக்குப் போவணும், அவ்ளோதான். வழியில சாமியாடக் கூடாது.”

வெள்ளிக்கிழமையே தீர்ந்த பெட்ரோல்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. இது அப்படி இல்லை.

டாக்டர் வாரத்தில் ரெண்டு நாள் கடலூருக்கும் ஒரு நாள் திண்டிவனத்துக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போவார். திங்கட்கிழமை காலையில் டாங்க் நிரப்பினால் சனிக்கிழமை சாயங்காலம் வரை தாங்கும். அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமையே தீர ஆரம்பித்தது. ஒரு வாரம், ரெண்டு வாரம், மூன்று வாரம். டாக்டர் ஏழுமலையையே ஓட்டச் சொல்லி வண்டியோடு என் கொட்டகைக்கு வந்தார். “வண்டியில கோளாறா, ஆளுகிட்ட கோளாறா? ரெண்டுல ஒண்ணு சொல்லு,” என்றார். அப்போதெல்லாம் டிரைவர்கள் ரப்பர் டியூப் போட்டு டாங்கிலிருந்து பெட்ரோல் எடுத்து விற்பதாக ஊரில் பேச்சு இருந்தது. அதைத்தான் கேட்கிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பானெட்டைத் திறந்தேன். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. அந்த ஒல்லிக் குழாய்கூடப் புதுச் செம்பு மாதிரி மின்னியது. “பூஜைக்கு எல்லாத்தையும் கழட்டி வெளக்கி மாட்டினேன் அண்ணே,” என்றான் ஏழுமலை. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டில் பல்பைக் கட்டி, எஞ்சினைக் கையால் திருப்பி, பொறி அடிக்கும் நேரமான டைமிங்கைப் பார்த்தேன். குறி தப்பவில்லை. ஸ்டார்ட் செய்தேன். பூனை மாதிரி ஓடியது. கடற்கரை வரை ஒரு சுற்று போய் வந்தேன், குறை தெரியவில்லை. கடைசியாகக் குழாயைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தேன். பக்கத்தில் டாக்டர் அதே வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நாலு பேர் எதிரில் அவர் போட்ட சத்தம் ஞாபகம் வந்தது. அவர் முன்னால் மறுபடியும் குழாயை வாயில் வைக்க வெட்கமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக இருக்கும் குழாயில் என்ன இருந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க டாக்டர்,” என்றேன்.

டாக்டர் சாவிக்காகக் கையை நீட்டினார். ஏழுமலை அதை வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான், அத்தோடு அவன் வேலை போயிற்று. என்னிடம் மட்டும் சொன்னான்: “நீங்களே சொல்லிட்டீங்க அண்ணே. இதுக்கு மேல நான் சொன்னா யாரு நம்புவாங்க?”

புது டிரைவர்

அன்றைக்கு வண்டியை நான்தான் டாக்டர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஏழுமலை வேலை கேட்டு டவுனில் நாலு வீடு ஏறி இறங்கினான் என்று கேள்விப்பட்டேன். எல்லா வீட்டிலும் கதவைத் திறப்பதற்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கப்புறம் கனகசெட்டிக்குளத்துக்கே போய் மச்சான்களோடு கரைவலை இழுக்கிறான் என்றார்கள். கடல் வேலை வேண்டாம் என்று சின்ன வயதிலேயே லாரி ஏறியவன். எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் திருடினவனுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்?

டாக்டர் இந்த முறை உஷாராகி, பங்குச் சாமியாரே சிபாரிசு செய்த ஒருவரைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்தார். முத்தியால்பேட்டைக்காரர். ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கமாட்டார். கீழே கிடந்த ஆணியைக்கூட யாருடையது என்று விசாரித்துக் கொடுப்பவர். பொங்கல் கழிந்து ஒரு நாள் டாக்டர் தனியாக நடந்தே என் கொட்டகைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்ப்பா ரபேல், ஏழுமலையும் வெள்ளிக்கிழமையே தீத்தான், இவரும் வெள்ளிக்கிழமையே தீக்கறாரு. திருடறதுலகூடவா எல்லாரும் ஒரே அளவு வெச்சிருக்காங்க?”

கம்பியில் வந்தது

அவர் அதைக் கேட்டதும் அன்றைக்கு நான் கழற்றாமல் விட்ட குழாய் ஞாபகம் வந்தது. வண்டியை வரவழைத்து, டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திண்டிவனம் சாலையில் கோரிமேடு தாண்டி ஓட்டினேன். ஊருக்குள் தெரியாத குறை அங்கே தெரிந்தது. சமதரையில் சீராகப் போக வேண்டிய வண்டி சோம்பியது. பெடலை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டது. மரத்தடியில் நிறுத்தி, குழாயைக் கழற்றி, டாக்டர் பார்க்கப் பார்க்க வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு அசையவில்லை. குழாயின் ரெண்டு பக்கத்தையும் கழற்றி ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம். ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி இழுத்தேன். கறுப்பாக, கெட்டியாக என்னவோ வந்தது. நாரும் செங்கல் தூளும் கலந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், புளி.

ஆயுத பூஜைக்காக ஏழுமலை அந்தக் குழாயைக் கழற்றி, வீட்டில் செம்புக் குடத்தை விளக்குவது போலவே புளியும் செங்கல் தூளும் போட்டு விளக்கியிருக்கிறான். வெளியே மின்னியது, உள்ளே அடைத்துக்கொண்டு காய்ந்துவிட்டது. உறிஞ்சல் டப்பாவுக்கே போகவில்லை, சமதரையில் பொறி தாமதமாகவே அடித்தது, அந்தக் குறையை ஈடுகட்டப் பெட்ரோல் போயிற்று. அந்த எஞ்சினில், பெடலை மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடவிட்டால் குழாயில் உறிஞ்சலே இருக்காது, அதனால் கொட்டகையில் வைத்து எத்தனை தடவை பார்த்தாலும் டைமிங் சரியாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. சொல்தாவுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தவன் நான்தானே!

குழாயைச் சுத்தம் செய்து மாட்டித் திரும்பி வரும்போது வண்டி பழையபடி பறந்தது. அன்றைக்கு ஏன் வாய் வைத்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஊர் நெருங்கும் சமயத்தில் சொன்னார்: “வீட்டுக்குப் போவாதே. வண்டியைக் கனகசெட்டிக்குளத்துக்குத் திருப்பு.”

கனகசெட்டிக்குளம்

கரையில் பத்துப் பதினைந்து பேர் வலையை இழுத்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலை ஓரமாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கறுத்து இளைத்துப்போயிருந்தான். உள்ளங்கை ரெண்டிலும் கயிறு அறுத்த காயம். அவன் மனைவி அஞ்சலை மீன்கூடையோடு பக்கத்தில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் வா என்று கூப்பிடவில்லை. நான் அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், குழாயில் அடைப்பு இருந்தது, தப்பு என்னுடையது, நான் பார்க்காமலே சொல்லிவிட்டேன் என்று தணிந்த குரலில் சொன்னேன். புளியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னாலேயே வந்துவிட்ட அஞ்சலைதான் பேசினாள். “திருடன்னு சொன்னது டவுனு பூரா கேட்டுச்சு. இவரு கூடப் பொறந்தவங்களே சிரிச்சாங்க. இப்ப திருடலேன்னு சொல்றதுக்கு மட்டும் குரலு வரலியா உங்களுக்கு?”

அவள் சொன்னது நியாயம். திரும்பி வந்து அத்தனை பேர் எதிரில் நின்று, குழாய், டப்பா, உறிஞ்சல், பொறி எல்லாவற்றையும் கடல் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னேன். ஏழுமலை ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட எடுக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். என் தொழிலில் அவ்வளவு அவமானமாக நான் நின்றதில்லை. அவ்வளவு நிம்மதியாகவும் நின்றதில்லை. டாக்டரும் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி வந்து, “ஏழுமலை, நான் உன்னைக் கேட்டிருக்கணும். அவனைக் கேட்டேன். வந்து வண்டியை எடுப்பா,” என்றார். மச்சான்களில் ஒருவர் ஏழுமலை கையிலிருந்த வலையை வாங்கிக்கொண்டார்.

ஏழுமலை வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். என்னிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினான். டாக்டருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நாலு சக்கரத்தையும் பார்த்தான். நான் முன்கதவின் பிடியில் கை வைத்தபோது, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: “நீங்க பஸ்ல வந்துடுங்க அண்ணே.”

என்னுடைய ஒரு நிமிஷ வெட்கத்துக்கு ஏழுமலை மூன்று மாதம் வலை இழுத்தான், நான் ஒரு மணி நேரம் மரக்காணம் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன், இதில் சுலபமாகத் தப்பித்துக்கொண்டது யார் என்று தொழில்காரர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.